நூறு வீட்டுப் பலகாரம்

தலைக்குச் சாயம் பூச ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். உங்கள் வீட்டில் நடப்பதுதான் என் வீட்டிலும் நடக்கிறது. போன மாதம் மகள் என்னை ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். சின்னக் கிண்ணத்தில் சிவப்பாக எதையோ கொண்டுவந்து வைத்தார்கள். "அம்மா, இது புளிக்க வெச்ச கோஸு. வாசனை பிடிக்கலன்னா விட்டுடு" என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. நான் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன். "இஞ்சி கம்மி" என்று குறை வேறு சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஏரிக்கரைக்குப் போனது வரைக்கும் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லலாம். தொண்ணூறுகளின் பின்பாதியில் பூந்தமல்லிக்கு மேற்கே எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வயலும் பொட்டலுமாகக் கிடந்த பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் ஒரு கார் கம்பெனி வருகிறது என்றார்கள். அதைக் கட்ட வந்த கொரியாக்காரர்களில் ஒருவர், பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடி வந்தார். கூடவே அவர் மனைவியும்.

அப்போது நான் எட்டாவது படித்தேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டிய வீடு அது. மாடிச் சுவரில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மனையை எதிர்வீட்டு அத்தையின் குடும்பத்திடமிருந்து வாங்கியிருந்தார். அத்தை என்றால் உறவு அத்தை இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன், அவ்வளவுதான். அந்த ஊரில் வழிவழியாகப் பயிர் வைத்த குடும்பம் அது. நிலம் போன பிறகும் அத்தை இரண்டு எருமைகளை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் பால் ஊற்றப் போகிற வழியில் அவளுக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்கும் தெரிந்த மாதிரி.

மாடி அக்கா குடி வந்த மறுநாள் ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். மெலிந்த உடம்பு, தோள்வரை வெட்டிய முடி, இருபத்தைந்து வயது இருக்கலாம். அம்மாவுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து தட்டை நீட்டினார். வெள்ளையாக ஆவியில் வேகவைத்த ஏதோ, மேலே மாவாக மசித்த சிவப்புப் பயறு. அம்மா வாங்கிக்கொண்டாள், சிரித்தாள், கதவைச் சாத்தினாள். பிறகு என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதடீ. சாமிக்குப் படைச்சதா இருக்கும்."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். படைத்ததைத் தின்னக்கூடாது என்பதில் அம்மா கறாராக இருந்தாள். பலகாரம் அப்படியே எதிர்வீட்டு எருமைக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து, மாடி வீட்டு சாரின் காரை ஓட்டும் டிரைவர் அண்ணன் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றார். வேலப்பன்சாவடிக்காரர். கொரியா சாருக்குத் தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீஷும், இவருக்குத் தெரிந்த மூன்று வார்த்தையும் சேர்ந்து எப்படியோ எல்லாவற்றையும் பேசிவிடும். எங்களுக்கும் மாடிக்கும் நடுவில் இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளர் அவர்தான்.

"யக்கா, அந்தம்மா குட்த்த தொக்கு எப்டி இருந்துச்சு?"

"தொக்கா?"

"அதுக்குப் பேரு தொக்காம். நம்ம தக்காளித் தொக்கு இல்ல. புது ஊட்டுக்குப் போனா அக்கம்பக்கத்துக்கெல்லாம் குட்ப்பாங்களாம். செவப்புப் பயறு இருந்தா பேய் அண்டாதாம்."

"பேய்க்குப் போட்டதா? நல்லவேளை" என்றாள் அம்மா. டிரைவர் அண்ணன் அம்மாவைப் பார்த்தார், எதிரே எருமையைப் பார்த்தார், செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதத்தில் வாடை வந்தது.

முதலில் அப்பா செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்றார். கட்டி ஒரு வருஷம் ஆகாத டேங்க் எப்படி நிறையும் என்று அம்மா கேட்டதற்கு, கொத்தனாரைத் திட்டினார். லாரி வந்தது. மூடியைப் பெயர்த்தார்கள். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. டேங்கில் கால்வாசிகூட இல்லை. அப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது மேலிருந்து மாடி அக்கா எட்டிப் பார்த்து, பாவம், கையை ஆட்டிச் சிரித்தார். அந்தக் கையில் சிவப்பாக மிளகாய் விழுது.

அப்பா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பெரிய மண்பானை, அதில் கோஸ், மிளகாய், பூண்டு, ஏதோ மீன் உப்பு. அவர்கள் ஊரில் குளிரில் மாதக்கணக்காகப் புளிக்கிறது எங்கள் ஊர் ஆடி மாதத்தில் இரண்டே நாளில் பொங்கிவிட்டது. வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று அப்பா கையைக் காட்டிச் சொல்லிவிட்டார். அக்கா பானையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனார். வெயில் சும்மா இருக்குமா? மறுநாள் மத்தியானம் மூடி எகிறி விழுந்தது. புதுச் சுண்ணாம்புச் சுவரில் சிவப்புச் சாறு கோடு கோடாக வழிந்தது.

துணி எடுக்க நான் மேலே போனபோது அவர் பானைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தரையில் கொட்டியதை வழிக்கவும் இல்லை. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பானை என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சுவர் பாழாகிவிட்டதே, அப்பா கத்துவாரே என்றுதான் தோன்றியது.

அந்த வாரம்தான் தெருவில் ஒரு செவலை நாயைக் காணோம். அத்தை பால் ஊற்றும்போது ஒவ்வொரு வீட்டிலும் குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாத்தம் இன்னான்னு நெனச்சே? அவங்க நாய் துன்றவங்களாமே." பத்து நாளில் நாய் தானாகத் திரும்பி வந்து அத்தை வாசலிலேயே படுத்தது. பேச்சு திரும்பிப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயர் நாய்க்கறி வீடு என்று ஆனது. வைத்தவள் புதுக்காலனியில் இருந்த என் வகுப்புப் பெண். அவளோடு சேர வேண்டும் என்று நான் ஏங்கிய வருஷம் அது. அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

அம்மாவை மாற்றியது ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா வெறும் வாணலியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அக்கா செருப்புகூடப் போடாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். வாணலியைக் காட்டி ஏதோ சொன்னார், இன்னொரு முறை சொன்னார். அம்மா ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தாள். அக்கா அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. எங்கள் அம்மாவுக்கு அது போதும். தெருவில் பாதிப்பேர் முகம் சுளிக்கிற கருவாட்டு வாசனையை ஒருத்தி இப்படி முகர்ந்தால் அவளை எப்படி வெறுப்பது?

மறுநாள் ஒரு கிண்ணத்தில் தெளிந்த சாறு கீழே வந்தது. அம்மா கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் குடித்தாள்.

"நம்ம நெத்திலிதான்டீ. ஆனா கொதிக்கவிட்டுட்டு மீனைத் தூக்கிப் போட்டுட்டா, பாவி."

அதற்குப் பிறகு அக்கா தினமும் கீழே வந்தார். அம்மாவை அவர் கூப்பிட்டது எங்கள் காதில் 'அண்ணி' என்று விழுந்தது. "உங்க அப்பாவுக்குக் கொரியாவில ஏதுடீ தங்கச்சி?" என்று அம்மா என்னிடம் சிரித்தாள். மூத்தவளை அவர்கள் ஊரில் அப்படித்தான் ஏதோ கூப்பிடுவார்களாம். டிரைவர் அண்ணன் கேட்டுச் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணி என்றால் அண்ணிதான். மிளகாய்ப் பானைக்கும் அம்மாவே இடம் கண்டுபிடித்தாள்: பின்பக்கம் பம்புக்குக் கீழே எப்போதும் ஈரமாக இருக்கிற மணலில் கழுத்துவரை புதைத்து, மேலே ஈரச்சாக்கு. அதில் புளித்த கோஸைத்தான் நான் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பழகினேன். அக்கா தமிழ் பேசக் கற்றுக்கொண்டார், ஆனால் பாதியை அம்மாவிடமும் பாதியை டிரைவர் அண்ணனிடமும் கற்றதால் "அண்ணி, சோறு கீதா?" என்று கேட்பார். அப்பாவே சிரித்துவிடுவார்.

குடி வரும்போதே முழுகாமல் இருந்த அக்காவுக்கு மழைக்காலத்தில் மாதம் நெருங்கியது. கொரியாவிலிருந்து அவர் அம்மா ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். நான் பார்த்தேன்: முழங்கை நீளத்துக்கு, கறுத்துக் காய்ந்து முறுக்கிய கட்டு. அவ்வளவு தூரத்திலும் ஒடியாமல் வருவதற்குச் சுற்றிலும் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. அக்கா அதைத் திறந்து பார்த்து மறுபடி சுற்றிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். என்ன என்று நான் கேட்கவில்லை.

பூந்தமல்லியில் ஒரு நர்சிங் ஹோமில் பெண்குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிய அன்றே அக்கா எதையோ தேட ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னால், பரணில், கட்டிலுக்கடியில். நடக்கவே முடியாத உடம்போடு தேடினார். மறுநாள் அம்மா டிரைவர் அண்ணனைக் கேட்டாள்.

"கடல்பாசியாம்க்கா. அவங்க ஊர்ல புள்ள பெத்தவளுக்கு மூணு வேளையும் அந்த சூப்புதானாம். பெத்த அம்மா வாங்கிக் குட்க்கணும். ஒடிக்காம, மடிக்காம முழுசா வெச்சிருக்கணும். ஒடிச்சா ஆவாதுன்னு ஒரு நம்பிக்கை. எங்க போச்சோ, தேடிகினு கீது பாவம்."

அம்மா விடுவிடுவென்று தெருமுனைக்குப் போய்விட்டு வந்தாள். இரண்டாம் நாள் மாலை அக்கா தேடுவதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து நாற்பது நாள் அம்மா மாடிக்குச் சமைத்தாள். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, மிளகு ரசம். காலையில் எங்களுக்குச் செய்வதற்கு முன்னால் அவருக்குச் செய்வாள். அப்பாவின் டிபன் டப்பா தாமதமாகி பஸ் தவறியதுகூட உண்டு. என் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் டிரைவர் அண்ணன் ஒரு செய்தியோடு வந்தார். "குழந்தை பொறந்து நூறாவது நாளு வர்து. அவங்க ஊர்ல அது பெரிய விசேஷம். வெள்ளைத் தொக்கு செஞ்சு நூறு ஊட்டுக்குக் குட்ப்பாங்களாம். நூறு ஊட்டுக்காரங்க துன்னா கொயந்தைக்கு ஆயுசு கெட்டியாம். ஆனா யக்கா, அந்தம்மா கேக்க கூச்சப்படுது. இங்க யாரு வாங்குவாங்கன்னு."

அம்மா மாடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நான் குடுக்கறேன். நூறு வீடுதானே" என்றாள்.

மெஷினில் அரைத்த அரிசிமாவு வந்தது. எங்கள் வீட்டு இட்லிக் குண்டானும் சர்ச்சிலிருந்து வாங்கி வந்த பெரிய குண்டானும் அடுப்பில் ஏறின. பச்சரிசி மாவை நீர் தெளித்துச் சல்லடையில் சலித்து, துளி உப்பு, கொஞ்சம் சர்க்கரை, துணிமேல் பரப்பி ஆவியில் வேகவைப்பது. தூய வெள்ளை. நம் புட்டுக்கும் கேக்குக்கும் நடுவில் ஒன்று. அக்கா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு துண்டு போட்டார். வாங்குகிற வீட்டுக்காரர்கள் தட்டைக் கழுவாமல், வெறுமையாகவும் இல்லாமல், எதையாவது வைத்துத் திருப்பித் தர வேண்டுமாம். அம்மா ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவும் ஊருக்குள் இருந்த வீடுகளும் சர்ச் வீடுகளும் அம்மாவின் பங்கு. எதிர்வீட்டு அத்தையை மட்டும் அம்மா விட்டுவிட்டாள். "அவ வாய்க்கு இது வேற தீனியா?" சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் வாங்கி ஓரமாக வைத்தார்கள். அம்மா அங்கேயே நின்று, "என் எதிர்ல ஒரு வாய் போட்டுக்கோங்க, குழந்தைக்காக" என்பாள். தட்டுகள் திரும்பி வந்தன: ஒரு பிடி அரிசி, ஒரு முட்டை, இரண்டு முருங்கைக்காய், சர்ச் ஐயர் வீட்டிலிருந்து ஒரு சின்னச் சோப்பு. சோப்பைப் பார்த்து அக்கா அப்படிச் சிரித்தார்.

புதுக்காலனி இருபது வீடும் எனக்கு. கம்பிக்கூடையில் தட்டுகளை அடுக்கி, இடையில் வாழையிலை வைத்து, சைக்கிள் பின்னால் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று வீட்டில் கொடுத்தேன். நாலாவது வீடு என் வகுப்புப் பெண்ணுடையது. வாசலிலேயே அவளும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடீ அது?"

"பலகாரம். மாடி வீட்டுக் குழந்தைக்கு…"

"ஐயோ, நாய்க்கறி வீட்டுப் பலகாரம்!"

மூவரும் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட அந்தச் சிரிப்பு வாயில் கசக்கிறது. "உங்களுக்கு இல்லடீ, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பி நேராக ஏரிக்கரைக்கு ஓட்டினேன்.

மழை நன்றாகப் பெய்த வருஷம். ஏரி நிறைந்து கிடந்தது. பதினேழு துண்டையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டேன். வெள்ளையாகக் கொஞ்ச நேரம் மிதந்து, விளிம்பில் கரைந்து, மெல்ல உள்ளே போயின. கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதுதான் தட்டுகள் வெறுமையாக இருப்பது உறைத்தது. கரையில் ஒரு புளியமரம். கைக்கு எட்டிய புளியங்காய்களைப் பறித்துத் தட்டுக்கு ஒன்றாக வைத்தேன்.

அக்கா என் கூடையை வாங்கி ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். "நூறு?" என்று கேட்டார்.

"நூறு" என்றேன்.

குழந்தையின் காதில் குனிந்து அதை அவர்கள் பாஷையில் சொன்னார்.

மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். டிரைவர் அண்ணன் காரை வேகமாக எடுத்துப் போனதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பார்த்தேன். மாலை திரும்பி வந்தார்கள். மருந்து கொடுத்திருக்கிறார்கள், பார்க்கலாம் என்றார்கள். நூறு வீடு தின்றால்தானே ஆயுசு கெட்டி, பதினேழு வீடு குறைந்ததே என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பம்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா கையிலிருந்த சாம்பலைக் கழுவினாள்.

"தெரியும்டீ. பதினேழு தட்டுலயும் புளியங்காயின்னா காலனிக்காரங்கல்லாம் சேர்ந்து ஏரிக்கரைக்குப் போனாங்களா?"

"ஏன்மா கேக்கல?"

"எந்த வாய வெச்சிக்கினு கேக்கறது?" அம்மா பம்புக் கல்லில் உட்கார்ந்தாள். "அந்தப் பாசியத் தூக்கிப் போட்டது நான்."

அவர்கள் நர்சிங் ஹோமில் இருந்தபோது, குழந்தை வருகிற வீடு என்று அம்மா மாடியைக் கூட்டித் துடைக்கப் போயிருக்கிறாள். கதவுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கட்டு, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சை பிடித்த ஏதோ சருகு என்று தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டாள். அது கடல் உப்பு பூத்தது என்று யாருக்குத் தெரியும்? டிரைவர் அண்ணன் சொன்னபோதுதான் புரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் குப்பையில் ஒன்றும் இல்லை.

"அவங்கம்மா கடல்தாண்டி அனுப்பிச்சது. பெத்த வயித்துக்கு ஒருவாய் கெடைக்காமப் பண்ணிட்டேன். சொல்ல வாய் வரல. சமைச்சுப் போட்டா சரியாப் போயிடும்னு பாத்தேன். போவல."

அந்த நாற்பது நாளும் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது எதைப் பார்த்து என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் அம்மா எனக்குச் சிறியவளாகத் தெரிந்தாளா? அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தாள், பொய் சொல்ல மாட்டேன். இப்போது, அவள் இல்லாத இந்த வயதில், அப்படித் தெரியவில்லை.

விடிகாலையில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மேலிருந்து சிணுங்கல் சத்தம் கேட்டது, பிறகு பால் குடிக்கிற அமைதி. நான் எழுந்து வந்தபோது அம்மா அரிசியை ஊறவைத்திருந்தாள்.

"காய்ச்சல்தான் விட்டுடுச்சேம்மா."

"அதனால பொய் உண்மையாயிடுமா? பதினேழு வீடு பாக்கி. நட."

அம்மாவின் கைக்கு மாவு கொஞ்சம் கட்டிதட்டியது. ஆனாலும் வெந்தது. முதலில் என் வகுப்புப் பெண்ணின் வீட்டுக்குத்தான் அம்மா போனாள். என்னைத்தான் தட்டை நீட்டச் சொன்னாள். நான் நீட்டினேன். "மாடி வீட்டுக் குழந்தைக்கு நூறு நாள் ஆச்சு. நூறு வீட்ல சாப்பிடணும். அன்னிக்கு உங்க வீட்ல குடுக்காம ஏரியில போட்டுட்டேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மா பிட்டு வாயில் போட்டு, "புட்டு மாதிரி இருக்கே, தேங்காய் போட மாட்டாங்களா?" என்று கேட்டு, தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்தாள். அந்தப் பெண் என்னோடு அதற்கப்புறமும் சேரவில்லை. எனக்கும் ஏக்கம் விட்டுப் போயிருந்தது.

காலனியில் ஒரு வீடு பூட்டியிருந்தது. பதினாறோடு நின்றது. அம்மா ஒரு தட்டோடு எங்கள் தெருவில் கொஞ்ச நேரம் தயங்கி, எதிர்வீட்டு வாசலில் ஏறினாள்.

அத்தை எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"தெருவெல்லாம் குட்த்தே. என் ஊட்டைத் தாண்டிப் போனே. பாத்துகினுதான் இருந்தேன்."

"தப்புதான். இப்போ வாங்கிக்கோங்க."

"ஏன், நாய்க்கறி இல்லியா இதுல?" அத்தை கேட்டுவிட்டுத் தானே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தவிட்டுக் கையைப் புடவையில் துடைத்து, ஒரு துண்டை எடுத்து முழுவதையும் வாயில் போட்டாள். மெல்ல வெகுநேரம் ஆனது. "கொயந்தைக்குக் காச்சலாமே? இப்ப எப்டி கீது?"

"விட்டுடுச்சு."

அத்தை உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு. "அம்மன் கோயில்ல வெச்சது. என் பேத்திக்கு வாங்குனேன். நீங்க கட்ட மாட்டீங்க, தெரியும். அதுங்களாவது கட்டுமா, கேளு" என்று தட்டில் வைத்தாள். கோயில் கயிற்றை அம்மா கையால்கூடத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்று தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராக மாடி ஏறினாள்.

அக்கா கயிற்றைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "நூல்!" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து நீட்டிக் காட்டினார். "நூல் நீளம். கொயந்தை நாள் நீளம். எங்க ஊர் நூல் குட்ப்பாங்க. நூறு நாள்." அவர்கள் ஊரிலும் அந்தப் பலகாரத் தட்டில் நூல் வைத்துத்தான் திருப்பி அனுப்புவார்களாம். இவ்வளவு வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் போனது, கடைசியில் அத்தைக்குத்தான் கைவந்தது. அக்கா உடனே குழந்தையின் இடுப்பில் கட்டினார்.

கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "அந்தப் பாசி… உங்கம்மா அனுப்பிச்சது…" கதவுக்குப் பின்னால் காட்டினாள். எடுத்து எறிவதுபோலக் கையை வீசினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். "நான்."

"தெரியும் அண்ணி" என்றார் அக்கா.

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"ரெண்டாம் நாள் மேல நின்னு பாத்தேன். குப்பை. எருமை துன்னுச்சு. அப்பறம் அண்ணி ஓடிப்போயி தேடுச்சு."

"தெரிஞ்சும் ஏன்டீ சொல்லல?" முதல்முறையாக அம்மா அவரை 'டீ' போட்டுக் கூப்பிட்டாள்.

அக்கா வார்த்தை தேடினார். "அண்ணி தினம் சோறு குட்த்துச்சு. எனக்கு இங்க அம்மா இல்ல. சொன்னா அண்ணி வராது. அப்பறம் யாரு?"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் சுவரோரம் நின்று என் பங்கையும் சொன்னேன்: பதினேழு, ஏரி, மீன். கையை மீன் மாதிரி ஆட்டிக் காட்டியதும் புரிந்தது.

"மீன் துன்னுச்சா?"

"துன்னுச்சு."

அவர் விரலை மடித்து எண்ணினார். ஊர் வீடு, காலனி வீடு, மீன். "அப்போ நூத்திப் பதினேழு" என்றார், திருப்தியாக.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்களைக் கம்பெனிக்குப் பக்கத்தில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு ஊருக்கே திரும்பிவிட்டதாக டிரைவர் அண்ணன் ஒருமுறை சொன்னார். விலாசம் வாங்கி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் கயிறு கட்டிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா அக்காவைக் கீழே கூப்பிட்டாள். அந்தப் பாசிச் சூப் எப்படி வைப்பது என்று காட்டச் சொன்னாள். பாசிக்கு எங்கே போவது? இருப்பதிலேயே வழவழப்பான கீரை என்று பசலையை ஆய்ந்து வைத்திருந்தாள். நெத்திலியைக் கொதிக்கவிட்டு மீனைத் தூக்கிப் போட்டார்கள். அம்மா அதை மட்டும் வயிறெரியப் பார்த்தாள். பூண்டைத் தட்டி எண்ணெயில் வதக்கி, கீரையைப் போட்டு, சாற்றை ஊற்றி, மூடி, இறக்கி, கிண்ணத்தில் ஊற்றி அக்காவின் முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள்.

அக்கா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இல்ல அண்ணி" என்றார் அக்கா.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா அந்தக் கிண்ணத்தை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கையில் கிண்ணம் ஆட, சாறு புடவையில் தெறிக்க, அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளறையிலிருந்து அப்பா எழுந்து வந்து, என்ன ஆயிற்று என்று வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்.